மக்காச்சோளத் தொன்மமும் உணவு வணிகக் குறிகளின் காட்சியாக்கமும்

முன்னுரை

உணவுப்பொருளின் உறைமீது தொன்மம் ஒன்று படமாக ஏறும்போது, அதன் எப்பகுதி கொள்ளப்படுகிறது, எப்பகுதி விடப்படுகிறது என்பது ஆய்வுக்குரிய வினாவாகும். நடு அமெரிக்க மக்களின் மக்காச்சோளத் தொன்மம் இவ்வினாவுக்குத் தக்க களமாக அமைகிறது. தொன்மத்தின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது போற்றும் செயலைக் கைவிடும் காட்சியாக்கம் உள்ளீடற்றதாகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒரே நிரலில் வைக்கிறார். உணவு அங்குத் தனித்து நிற்பதில்லை. தெய்வத்தோடும் தொழிலோடும் சேர்ந்தே நிலத்தை உணர்த்துகிறது. இக்கோட்பாட்டை மாயா மரபின்மீது ஏற்றிக் காண்பது இங்கு நோக்கமன்று. உணவுக்குறியொன்றைப் படிக்கும் அளவுகோலாக மட்டுமே அது கொள்ளப்படுகிறது.

தொன்மம் போற்றும் செயல்

குவாத்தமாலாவின் கிச்சே மாயா மக்களுடைய ‘போபோல் வூ’, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிச்சிகாஸ்தெனாங்கோவில் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்னும் பாதிரியார் எடுத்த படியின் வழியே கிடைத்துள்ளது. அப்படி இன்று சிகாகோ நியூபெரி நூலகத்தில் உள்ளது. அதன்படி, கடவுளர் முதலில் மண்ணால் மனிதரை வனைந்தனர். அவர்கள் நீரில் கரைந்தனர். அடுத்து மரத்தால் செய்தனர். அவர்கள் தம்மைப் படைத்தோரை நினைக்கவில்லை, ஆதலின் அழிந்தனர். பின்னர் நரி, கொயோட்டி, கிளி, காகம் ஆகியவை பாஷில் என்னுமிடத்தில் மஞ்சள், வெள்ளை மக்காச்சோளம் இருப்பதை அறிவித்தன. மூதாட்டியாகிய ஷ்முகானே அதனை ஒன்பது முறை அரைத்தாள். அம்மாவிலிருந்தே முதல் மனிதர் நால்வர் உருவாயினர்.

மனிதன் இங்குத் தானியத்திலிருந்து தானே முளைத்தவன் அல்லன். அரைக்கப்பட்ட மாவிலிருந்து ஆக்கப்பட்டவன். தானியத்துக்கும் மனிதனுக்கும் இடையே ஒரு மூதாட்டியின் உழைப்பு நிற்கிறது. தொன்மத்தின் நடுவம் அவ்வுழைப்பே எனலாம்.

செயலைக் கைவிட்டதன் விளைவு

இக்கருத்து கதையளவில் நிற்பதன்று. நடு அமெரிக்க மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவைத்துக் கழுவிய பின்னரே, அம்மியை ஒத்த சரிவான கல்லில் அரைப்பர். இம்முறையால் தானியத்தில் பிணைப்புண்டு கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலுக்குக் கிட்டும் நிலையை அடைகிறது. கடல் கடந்து ஐரோப்பாவுக்குத் தானியம் சென்றது. அதனைப் பக்குவப்படுத்தும் அறிவு உடன் செல்லவில்லை. மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழை மக்களிடையே பெல்லாக்ரா நோய் பரவியது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் இந்நோயை 1735இல் காஸ்பர் காசால் என்னும் மருத்துவர் கண்டு குறித்தார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் தென்மாநிலங்களும் இந்நோய்க்கு ஆட்பட்டன. பொருளைச் செயலிலிருந்து பிரித்தெடுத்ததன் விலையை உடல்களே செலுத்தின.

உறைமீது உருவம்

வணிகக் குறிகளிலும் இத்தகைய பிரிப்பு நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவின் ஆர்கோ மக்காச்சோள மாவின் உறையில், சோளக்கதிரையே உடலாகக் கொண்ட பெண்ணுருவம் இடம்பெற்றுள்ளது. 1970களில் வந்த மசோலா எண்ணெய் விளம்பரத்தில், பூர்வகுடிப் பெண் ஒருத்தி தம் மக்கள் இத்தானியத்தை ‘மெய்ஸ்’ என வழங்குவதாகக் கூறுவாள். அச்சொல்லோ கரீபியத் தீவுகளின் தாயினோ மொழியிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலம் புகுந்தது. பல்வேறு மொழியும் நிலமும் உடைய மக்களனைவரும் அவ்விளம்பரத்தில் ஒரே முகமாகச் சுருங்கிவிடுகின்றனர்.

மக்காச்சோளப் பொருள் அன்றெனினும், லேண்ட் ஓ’லேக்ஸ் வெண்ணெய் உறையும் இங்கு ஒப்பிடத்தக்கது. 1928 முதல் அதில் இடம்பெற்ற பூர்வகுடிப் பெண்ணின் படம் 2020இல் நீக்கப்பட்டது. ஏரியும் நிலமும் எஞ்சின. முன்னர் நிலத்தோடு ஒட்டாத முகம் இருந்தது. பின்னர் மக்களில்லாத நிலம் இருக்கிறது. கருப்பொருள் நிரல் இரண்டிலும் முழுமை பெறவில்லை.

மாயா மரபிலும் மக்காச்சோளக் கடவுளுக்கு மனித முகம் உண்டே என இங்கு மறுப்பு எழலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கோபான் சிற்பம், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த ஒரு கோயிலை அணிசெய்த பல உருவங்களுள் ஒன்று. அங்கு முகம் அழகுப்பொருள் அன்று; தலைமுடி சோளப்பட்டாகவும் தலையணி கதிராகவும் அமைந்து, விளைந்து அறுபட்டு மீண்டும் முளைக்கும் வாழ்க்கைச் சுழற்சியை உணர்த்துகின்றன. மறுப்புக்குரியது முகம் அன்று. சூழலிலிருந்து பெயர்க்கப்பட்ட முகமே.

காட்சியாக்கத்துக்குரிய வழிகள்

மேற்கண்டவற்றால், வடிவமைப்பாளர் கொள்ளத்தக்கவை மூன்று எனலாம். முதலாவது நிறம். யுகத்தான் மாயா மரபு கிழக்கைச் சிவப்பாகவும், வடக்கை வெண்மையாகவும், மேற்கைக் கருமையாகவும், தெற்கை மஞ்சளாகவும் காண்கிறது. இந்நான்கும் மக்காச்சோளத்தின் நிறங்களே. உறையின் நான்கு பக்கங்களும் இந்நிறங்களை ஏற்கலாம். இரண்டாவது செயல். சுண்ணாம்பு நீர், அரைகல், ஆவி, மாவைத் தட்டும் கை ஆகியன காட்சியாகலாம். ஆயின் உள்ளிருக்கும் பொருள் உண்மையில் அம்முறையில் செய்யப்பட்டிருத்தல் வேண்டும். மூன்றாவது நிலம். மக்காச்சோளம், அவரையினம், பூசணியினம் ஆகியவை கூடி விளையும் ‘மில்பா’ வயலைக் காட்டும்போது, தானியம் தன் சுற்றத்தோடு தோன்றும்.

இவற்றுக்கு முன்னிற்பது இசைவு. பழங்குடி மக்கள், ஆப்பிரிக்க மெக்சிகோ மக்கள் ஆகியோரின் பண்பாட்டு மரபுகளை அச்சமூகங்களின் கூட்டு உரிமையாக ஏற்று, அவர்தம் இசைவின்றிப் பயன்படுத்துவதற்குத் தண்டனை விதிக்கும் சட்டத்தை மெக்சிகோ 2022 ஜனவரியில் வெளியிட்டது. எனவே உறைப்படம் அழகியல் சார்ந்தது மட்டுமன்று. உரிமை சார்ந்ததும் ஆகும்.

முடிவுரை

போபோல் வூவில் இரட்டையர்களாகிய ஹூனாபூவும் ஷ்பலாங்கேயும் பாதாள உலகுக்குச் செல்லுமுன் பாட்டியின் வீட்டு நடுவில் சோளக்கதிர்களை நட்டுச் செல்கின்றனர். அவை வாடினால் தாம் இறந்ததாகவும், தழைத்தால் உயிரோடு இருப்பதாகவும் அறியச் சொல்கின்றனர். அக்கதிர் அடையாளமாக நிற்பதற்குக் காரணம், சொன்ன வாக்குக்கும் காத்திருக்கும் மூதாட்டிக்கும் உள்ள உறவே. உறைமீது வரையப்படும் கதிருக்கும் இது பொருந்தும். விளைவித்தோரோடும் பக்குவம் செய்தோரோடும் உறவு நிலைக்கும் வரையில்தான் அது தொன்மத்தின் குறி. உறவு அற்றபின் அது வெறும் படமே.