படலையில் ஒருவர் நிற்கட்டும்

உடல், உளம், ஊர் – 7

யாழ்ப்பாணத்தில் மனம் நோகும்போது முதலில் பேசுவது உடம்புதான். தலையிடி, கைகால் விறைப்பு, நாள் முழுக்கப் பெருமூச்சு. "நெஞ்சுக்குள்ளை என்னவோ அடைக்குது டொக்டர்" என்று வருபவரின் இதயத்தைச் சோதித்தால் பல வேளைகளில் ஒரு குறையும் இராது. போர்க்காலத்தில் எங்கள் வைத்தியசாலைகளில் இப்படி வந்து காத்திருந்தவர்கள் ஏராளம். மருந்துத் தட்டுப்பாடு ஒரு பக்கம். மனநல மருத்துவர்களோ, வடக்கு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்.

அந்தச் சிலரில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். மருந்தும் ஆலோசனையும் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. வந்தவர்களுக்கு ஏற்கெனவே பழகிய, வீட்டில் கிடக்கிற ஒன்றை எடுத்துச் சிகிச்சையோடு சேர்த்தார். சைவர் என்றால் ஓங்காரம் அல்லது அவருக்குப் பிடித்த மந்திரம். கத்தோலிக்கர் என்றால் செபமாலை. முஸ்லிம் என்றால் 'சுப்ஹானல்லாஹ்' போன்ற திக்ர். பௌத்தர் என்றால் சரணம். அதை அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். அதோடு மூச்சுப் பயிற்சி. பிறகு பாயில் மல்லாந்து படுத்து, கால்விரல் தொடங்கி நெற்றிவரை தசைகளை ஒவ்வொன்றாகத் தளரவிடும் சாந்தியாசனம். யாழ்ப்பாணத்துச் 'சாந்திகம்' போன்ற உளவளத்துணை அமைப்புகளும் இத்தகைய பயிற்சிகளைப் பரப்பின.

இதைப் பக்தியென்று ஒதுக்கவும் வேண்டாம், மந்திரசக்தி என்று உயர்த்தவும் வேண்டாம். உடலியல் இதற்குத் தெளிவான விளக்கம் வைத்திருக்கிறது. ஓய்வில் இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு, செபமாலை சொன்னவர்களையும் திபெத்திய மந்திரம் சொன்னவர்களையும் அளந்து பார்த்து, 2001 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதியது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 தடவையாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் உடலின் ஏற்பாடு இன்னும் நன்றாக வேலை செய்தது. வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் ஓட்டத்தைத் தணிக்கிறது. குருநகரில் மாலையில் செபமாலை உருட்டும் கிழவியும், இணுவிலில் விளக்கேற்றி நமசிவாய சொல்லும் கிழவியும் ஒரே நரம்பைத்தான் தொடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷெல்லுக்கும் பங்கருக்கும் நடுவே வாழ்ந்தவர்களில் சிலருக்குக் கண்ணை மூடியதுமே பழைய காட்சி எழுந்து வரும். அவர்கள் கண்ணைத் திறந்து, எதிரே ஒரு பொருளைப் பார்த்தபடி செய்யலாம். அதுவும் முடியாவிட்டால் நடப்பதே நல்லது. வலிந்து உட்காரவைக்கக் கூடாது.

சரி, இவ்வளவு எளிதென்றால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? மனவுறுதி போதாது என்று பலர் தங்களையே குறைசொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தயா சோமசுந்தரத்தின் ஆங்கில நூல்கள் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்று புரியும். 1998இல் வந்த நூல் வடுப்பட்ட மனங்களைப் பற்றியது. 2014இல் வந்தது வடுப்பட்ட சமூகங்களைப் பற்றியது. காயம் ஆளுக்குள் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும் இருக்கிறது, ஆகவே ஆற்றவேண்டியதும் அங்கேதான் என்பது அவர் வந்தடைந்த இடம். பழக்கங்களுக்கும் இது பொருந்தும் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பழக்கங்கள் எவையும் தனி ஆளுக்குரியவையாக இருக்கவில்லை. விடியற்காலை முற்றம் கூட்டும் சத்தம் அடுத்த வளவை எழுப்பிவிடும். வற்றாத ஆறில்லாத இந்தக் குடாநாட்டில் நிலத்தடி நீர்தான் எல்லாம்; பல குடும்பங்களுக்கு ஒரே பங்குக் கிணறு. முறை வைத்துத் தண்ணீர் அள்ளியபோது கதையும் சேர்ந்து நடந்தது. சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து, அரப்புத் தேய்த்துத் தோய்வதற்கு முதுகு தேய்க்க இன்னொரு கை வேண்டும். பின்னேரம் ஆண்களுக்கு வாசிகசாலை: ஒரு பேப்பரைப் பத்துப்பேர் பிரித்துப் படித்து விவாதிப்பார்கள். திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கை ஒழுங்கையாக வரும்போது படுத்துக்கிடக்க முடியுமா?

அந்தக் கிணறுகளில் எல்லோருக்கும் வாளி போட அனுமதி இருக்கவில்லை. சாதியின் பெயரால் தாகத்தோடு காத்து நின்றவர்கள் உண்டு. முற்றம் கூட்டும் வேலை பெண்களின் தலையிலேயே விழுந்தது. எனவே பழையதை அப்படியே திருப்பிக் கொண்டுவரக் கேட்கவில்லை. பழக்கத்தைத் தாங்க ஒரு இடமும் சில மனிதர்களும் வேண்டும் என்பதையே சொல்கிறேன்.

அந்த இடங்கள்தான் போரில் போயின. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்கள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். சிலருடைய காணி இன்னும் கிடைக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவில் நாவற்குழிப் பாலம் தாண்டி இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கு நடந்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிள் மிதித்தது, டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டது. உடம்புக்கு வேலை இருந்தது, உண்மை. ஆனால் விரும்பி மிதித்ததல்ல அது; தடை நீங்கியதும் மோட்டார் சைக்கிளுக்கு மாறியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

இன்றைக்கு வேறொரு வெறுமை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். இங்கே பெரிய கல்வீடு, உயரத்தில் தண்ணீர்த் தாங்கி, இரண்டு முதியவர்கள், சில வீடுகளில் ஒருவர். கிணற்றடிக்குப் போகத் தேவையில்லை, படலை நாள் முழுக்கப் பூட்டு. சீனி வருத்தம், பிரஷர் என்று மாத்திரைகள் மேசையில் வரிசையாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அக்கறையோடு "அம்மா, ஒவ்வொரு நாளும் நடவுங்கோ" என்று வீடியோ அழைப்பில் சொல்லும். அம்மாவும் ஓமென்பா. மறுநாள் நடக்கமாட்டா. யாருடன் நடப்பது?

பண்ணைக் கடலோரத்தில் காலையும் மாலையும் நடப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். நாள் தவறாமல் வருகிறவர்கள் பெரும்பாலும் சோடியாக அல்லது கூட்டமாக வருகிறார்கள். ஐந்தரைக்குப் படலையில் ஒருவர் வந்து நின்று "ஐயா, வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்டால் சோம்பலுக்கு இடமில்லை. ஆகவே உங்கள் தாய் தகப்பனுக்கு விலைகூடிய சப்பாத்து அனுப்பும் முன், அவர்களோடு நடக்கக்கூடிய அயலவர் ஒருவருக்குத் தொலைபேசி எடுங்கள். வாசிகசாலை பூட்டிக்கிடந்தால் ஊர் இளைஞர்கள் அதைத் திறந்து, பின்னேரத்தில் இருபது நிமிடம் மூச்சுப் பயிற்சிக்குப் பாய் விரிக்கலாம். முதியோர் சங்கம், மாதர் சங்கம், கோயில் மண்டபம், பங்குமனை, பள்ளிவாசல், எதுவானாலும் சரி. கூடிச் செய்கிற இடத்தில் ஒருவர் மூன்று நாள் வராவிட்டால் நாலாம் நாள் யாராவது தேடிப் போவார்கள். எங்கள் முதியவர்களுக்கு இப்போது மிகவும் வேண்டியது அந்தத் தேடிப்போதல்தான் என்பேன்.

இந்தப் பழக்கங்கள் தீராத நோய்க்கு மாற்று மருந்தல்ல. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பற்றுப் போனால், அல்லது சாகவேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

அடுத்த வாரம் சாப்பாடு: பாணும் பணிசும் வந்தபின் குரக்கன் புட்டும் ஒடியற்கூழும் எங்கள் மேசையிலிருந்து எப்படி இறங்கின என்று பார்ப்போம்.