கித்தார்ப் பெடல்களை எந்த வரிசையில் வைப்பது?



பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலுக்கு அருகே உள்ள பைராம் தோட்டத்திலிருந்து ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் ஓவர்டைம் செய்து சேர்த்த காசில் ஒரு மின்கித்தாரும், அதற்குரிய நான்கு பெட்டிகளும் வாங்கி வந்திருக்கிறாராம். எல்லாம் பழைய சாமான்கள். நான்கையும் ஒன்றோடு ஒன்று இணைத்து வாசித்தால் பாட்டே கேட்பதில்லை. இரைச்சலும் ஊளையும்தான் கேட்கின்றன என்கிறார். 'கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா, இல்லை என் பிள்ளைக்குத்தான் தெரியவில்லையா, காசு வீண்தானா?' என்று கேட்கிறார் அந்த அம்மா.

அம்மா, காசு வீண் இல்லை. பெட்டிகளிலும் பெரும்பாலும் பழுது இருக்காது. பிள்ளை அவற்றை வைத்திருக்கும் வரிசையில்தான் கோளாறு இருக்கவேண்டும். அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வரிசை என்றால் என்ன என்பது நம் மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். வெட்டுக்காரர் கொண்டுவரும் பாலை நிறுத்து, சல்லடையில் வடிகட்டி, தண்ணீர் கலந்து, அளவாக ஆசிட் ஊற்றி உறையவைப்பார்கள். உறைந்த கட்டியை உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகைக்கூண்டில் தொங்கவிடுவார்கள். பாலை உறையவைத்த பிறகு வடிகட்ட முடியுமா? முடியாது. உள்ளே மாட்டிக்கொண்ட தூசி ஷீட்டிலேயே தங்கிவிடும். பால் அதேதான், ஆசிட் அதேதான், வேலை செய்தவரும் அவரேதான். முன்பின் மாறியதால் சரக்கு கெட்டது. கித்தார்ப் பெட்டிகளின் கதையும் இதுதான்.

முதலில் கித்தாரிலிருந்து என்ன வருகிறது என்று தெரிந்துகொள்வோம். மின்கித்தாரின் கம்பிகளுக்குக் கீழே காந்தமும், மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருளும் இருக்கின்றன. இதைப் பிக்கப் என்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் சிறிதளவு மின்சாரம் பிறக்கிறது. இது ஏறக்குறைய ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குதான். கைவிளக்கின் ஒரு பேட்டரிகூட ஒன்றரை வோல்ட் தரும் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தச் சின்னஞ்சிறு மின்சாரந்தான் பெட்டிகளின் வழியாக நடந்து, ஆம்பிளிஃபயரில் பெருகி, ஸ்பீக்கரில் ஒலியாகிறது. வழியில் முதலிலேயே ஓர் இரைச்சல் சேர்ந்துவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு பெட்டியும் பாட்டோடு சேர்த்து அந்த இரைச்சலையும் பெருக்கும்.

காலால் மிதிப்பதால் இந்தப் பெட்டிகளுக்குப் பெடல் என்று பெயர். இவற்றில் பழைய வகைகளில் ஒன்று ஒலியைக் கரகரக்கச் செய்வது. அதன் பிறப்பே ஒரு வேடிக்கை. 1961-இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் பாடலை நாஷ்வில் நகரில் பதிவு செய்தபோது, பதிவுக் கருவியின் ஒரு பகுதி பழுதாகி ஒலி கரகரத்தது. கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு பெட்டிக்கு வடிவம் கொடுத்தார். அது 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. முதலில் வாங்க ஆளில்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ஒரு பாட்டில் அதைப் பயன்படுத்திய பிறகு கடைகளில் சரக்கு தீர்ந்துபோயிற்று. ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1977 முதல் பாஸ் என்ற பெயரில் உள்ளங்கை அளவுப் பெடல்களை வண்ணவண்ணமாக விற்கத் தொடங்கியது. நம் ஊர்ப் பழைய சாமான் கடைகளில் இன்றும் அந்த வகைப் பெடல்கள் கிடைக்கின்றன.

நம் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை புதிதல்ல. லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்ற சகோதரர்கள் பினாங்கில் தொடங்கிய ஆலிகேட்ஸ் குழு மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் பெயர் பெற்றது. லோகநாதன் 2007-இல் காலமானார். தமிழ்நாட்டில், 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜா, அதற்கு முன் பிறருடைய இசைக்குழுக்களில் கித்தார் வாசித்தவர். 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் கித்தார் ஒலியைக் கேட்டுத்தான் நம் லயங்களில் பலர் கித்தாரைக் கையில் எடுத்தார்கள்.

இனி கடிதத்துக்கு வருவோம். தம்பியிடம் இருப்பவை நான்கு: எதிரொலிப் பெட்டி, கரகரப்புப் பெட்டி, கோரஸ் பெட்டி, வா-வா பெட்டி. கித்தாரிலிருந்து முதலில் எதிரொலி, அடுத்தது கரகரப்பு என்று இணைத்திருக்கிறார். இரைச்சலுக்குக் காரணம் இங்கேயே இருக்கிறது.

கரகரப்புப் பெட்டி என்ன செய்கிறது? அலையின் உச்சியைக் கத்தரித்துவிடுகிறது. குன்றின் தலையை வெட்டி மேடாக்குவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரித்த இடத்தில் கித்தாரில் இல்லாத புதிய ஒலிகள் பிறக்கின்றன. ஒரே ஒரு சுரம் உள்ளே போனால் இவை அதற்கு இசைவாகவே இருக்கும். பல சுரங்கள் கலந்து போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமாக எந்தச் சுரத்திலும் சேராத ஒலிகள் கிளம்பும். எதிரொலிப் பெட்டியோ, வாசித்த சுரத்தைப் பிடித்துவைத்து, சற்று நேரம் கழித்துத் திரும்பத் திரும்பத் தருவது. அதை முன்னால் வைத்தால், போன சுரத்தின் எதிரொலியும் இப்போது வாசிக்கும் சுரமும் கலந்து கரகரப்புக்குள் போகின்றன. விளைவு கூழ்தான். போதாக்குறைக்கு, கரகரப்புப் பெட்டி சின்ன ஒலியையும் பெரிய ஒலியையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். தேய்ந்து மறையவேண்டிய எதிரொலி மறையாமல் முன்னால் வந்து நிற்கும்.

மாற்றி வையுங்கள். முதலில் கரகரப்பு, பிறகு எதிரொலி. இப்போது கரகரத்த சுரம் ஒன்று வெளியே வருகிறது. அதன் நகல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்து மறைகின்றன. மலையடிவாரத்தில் நின்று கூப்பிட்டால் கேட்பதுபோல இருக்கும். இயற்கையும் இந்த வரிசையில்தான் வேலை செய்கிறது. குரல் முதலில் தொண்டையில் பிறக்கிறது. பிறகுதான் மலையில் மோதித் திரும்புகிறது. மண்டபத்தில் பாடுவதுபோன்ற முழக்கத்தைத் தரும் ரிவர்ப் பெட்டி இருந்தால், அதை எதிரொலிக்கும் பின்னால், கடைசியில் வைப்பது வழக்கம்.

கோரஸ் பெட்டி ஒரு கித்தாரைப் பல கித்தார்போலக் கேட்கச் செய்வது. அதன் இடம் கரகரப்புக்குப் பின், எதிரொலிக்கு முன். வா-வா பெட்டி, பாதத்தை முன்னும் பின்னும் சாய்க்கச் சாய்க்கக் கித்தாரைக் குழந்தைபோல் 'வா வா' என்று பேசவைக்கும். அதைக் கித்தாருக்கு அடுத்து, முதலில் வைப்பார்கள். கரகரப்புக்குப் பின்னால் வைத்தால் அதன் வீச்சு முரட்டுத்தனமாக இருக்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது, பிடித்தால் இருக்கட்டும். ஆக, தம்பிக்கு நாம் சொல்லும் வரிசை: கித்தார், வா-வா, கரகரப்பு, கோரஸ், எதிரொலி, ஆம்பிளிஃபயர்.

நாளைக்குக் கம்பிரஸர் என்ற பெட்டியும் வாங்கினால் அதைக் கரகரப்புக்கு முன்னால் வைக்கவேண்டும். மெல்லிய ஒலியைத் தூக்கி நிறுத்துவது அதன் வேலை. கரகரப்புக்குப் பின்னால் வைத்தால், கை நின்ற நேரத்தில் 'உஸ்' என்ற இரைச்சலைத் தூக்கி நிறுத்தும். ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர் வைத்த பழைய ஃபஸ் பெட்டி மட்டும் சற்றுப் பிடிவாதமானது. கித்தார் தன்னோடு நேராக இணையவேண்டும் என்று எதிர்பார்க்கும். முன்னால் வேறு பெட்டி இருந்தால் பல சமயம் ஒலி மெலிந்து கீச்சிடும்.

இதெல்லாம் சட்டமல்ல. எடி வான் ஹேலன் என்ற கித்தார்க் கலைஞர், 1978-இல் வந்த தம் குழுவின் முதல் இசைத்தட்டில், கரகரப்பை ஆம்பிளிஃபயரிலிருந்தே எடுத்துக்கொண்டு, ஒலியைச் சுழற்றும் ஃபேஸர் பெடலை அதற்கு முன்னால் வைத்து வாசித்தார். அந்த ஒலிக்காகவே அவரைத் தேடிக் கேட்டார்கள். ஆனால் வழக்கம் தெரிந்தவர் அதை மீறுவது வேறு, தெரியாமல் மாட்டிவைப்பது வேறு.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும்; பிளக்கின் நடு முனை நெகட்டிவாக இருக்கவேண்டும். எல்லாப் பெடலும் அப்படியல்ல. பெட்டியில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்க்காமல், வீட்டில் கிடக்கும் ரேடியோ அடாப்டரைச் செருகினால் ஒரு நொடியில் பெடல் போய்விடும். கரகரப்புப் பெடல் சில மில்லி ஆம்பியர்தான் குடிக்கும். டிஜிட்டல் எதிரொலிப் பெடல் ஐம்பது அறுபது, அதற்கு மேலும் குடிக்கும். நான்கின் தேவையையும் கூட்டிப் பாருங்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் அளவுக்குள் அது அடங்கவேண்டும். பேட்டரியில் ஓட்டுபவர்கள், வாசித்து முடித்ததும் கித்தாரிலிருந்து வரும் கம்பியைப் பெடலிலிருந்து உருவிவிடுங்கள். பெரும்பாலான பெடல்களில் அந்தக் கம்பி செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

இணைத்த பிறகும் இரைச்சல் இருந்தால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கித்தாரை நேராக ஆம்பிளிஃபயரில் செருகி வாசியுங்கள். பிறகு ஒவ்வொரு பெடலாகச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். எதைச் சேர்த்தபோது இரைச்சல் வந்ததோ, அந்தப் பெடலோ அதன் கம்பியோ அடாப்டரோதான் காரணம். பெரும்பாலும் கம்பிதான்.

கடைசியாக, இந்தக் கடிதத்தில் எங்களைக் கவலைப்படவைத்த ஒரு வரி. 'உறுமல் குறையும் என்று நண்பர் சொன்னதால் ஆம்பிளிஃபயர் பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டான்' என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார். அம்மா, அதை இன்றே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். மாட்டும்வரை அந்தக் கித்தாரைத் தொடவேண்டாம். பெடல்களின் 9 வோல்ட் யாரையும் கொல்லாது. ஆம்பிளிஃபயருக்குள் இருப்பது வீட்டு மின்சாரம். கித்தாரின் எஃகுக் கம்பிகள் ஆம்பிளிஃபயரின் இரும்பு உடலோடு இணைந்திருக்கின்றன. அந்த உடல் எர்த் கம்பி வழியாகத்தான் பூமியோடு சேர்கிறது. அதைக் கழற்றிய பிறகு உள்ளே ஒரு வயர் உரசினால், முழு மின்சாரமும் கித்தார்க் கம்பியில் வந்து நிற்கும். அந்நேரம் வாசிப்பவர் பாடுவதற்காக மைக்கில் உதட்டை வைத்தால், மின்சாரம் கையில் ஏறி நெஞ்சைக் கடந்து உதடு வழியாக இறங்கும். 1972 மே 3-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில், லெஸ்லி ஹார்வி என்ற கித்தார்க் கலைஞர் மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மாண்டார். அவருக்கு வயது 27.

நம் கோயில் திருவிழா மேடைகளை எண்ணிப் பாருங்கள். மழை பெய்து நனைந்த தரை, வெறுங்கால், எங்கிருந்தோ இழுத்துவந்த வயர். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரைக் கொண்டு எர்த்தையும், மின்சாரம் கசிந்தால் தானாக விழும் சுவிட்சையும் சோதித்துவிடவேண்டும். உறுமலைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன. கம்பியை மாற்றலாம், அடாப்டரை மாற்றலாம், குழல் விளக்கிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் தள்ளி நின்று வாசிக்கலாம்.

எர்த் சரியான பிறகு தம்பி பெடல்களைத் தரையில் பரப்பலாம். பெரும்பாலான பெடல்களில் கித்தார்க் கம்பி வலப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளியேறும். ஆகவே வரிசை வலமிருந்து இடமாகப் போகவேண்டும்: வலது கோடியில் வா-வா, இடது கோடியில் எதிரொலி.