உஷார்! உங்கள் அறிமுகத்துக்காக ஒருவன் காத்திருக்கிறான்

“அனைவருக்கும் வணக்கம். தமிழில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். வீட்டிலிருந்தபடியே மெய்ப்புப் பார்த்து, எடிட்டிங்கும் செய்து தருகிறேன். இப்போதுதான் தொடங்கியிருப்பதால் கட்டணம் குறைவு. எந்த வேலையானாலும் செய்வேன். என் வாட்ஸப் எண்...”

எழுதுகிறவர்கள் கூடும் குழுக்களில் இப்படி ஓர் அறிமுகம் அடிக்கடி வருகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எழுதியவர் நல்லவர், எழுதியதில் ஒரு பொய்யும் கிடையாது. ஆனால் அதே வரிகளை மோசடிக்காரன் வேறு மாதிரி படிக்கிறான். இவர் புதியவர். பணம் தேவைப்படுகிறது. பேரம் பேச மாட்டார். எண்ணையும் கொடுத்துவிட்டார். குழுவில் இருக்கும் நூறு எழுத்தாளர்களில் ஒருவர்கூடப் பதில் போடாமல் இருக்கலாம். அவன் மட்டும் அன்று இரவே “ஹாய் மேடம், வேலை இருக்கிறது” என்று வந்து நிற்பான்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது. குழந்தை பிறந்த பிறகு பள்ளி ஆசிரியை வேலையை விட்டவள். அறிமுகம் போட்ட மூன்றாம் நாள் ஒரு ‘பதிப்பு நிறுவனம்’ அழைத்தது. ஸ்கேன் செய்த 400 பக்கங்கள். பிழை நீக்கித் தட்டச்சு செய்து ஆறு நாளில் தர வேண்டும். பக்கத்துக்கு 40 ரூபாய். ஒப்பந்தம் ஒன்றை அனுப்பிக் கையெழுத்து வாங்கினார்கள், ஆதார் நகலும் வாங்கினார்கள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆறு இரவு கண் விழித்து முடித்து அனுப்பினாள்.

பணம் வரவில்லை, ஒரு கடிதம் வந்தது. உங்கள் வேலையின் துல்லியம் 90 சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 6,000 ரூபாய் இழப்பீடு கட்டுங்கள். மறுநாள் ‘வக்கீல்’ என்று ஒருவன் போன் செய்து மிரட்டினான். அதற்கடுத்த நாள் நீதிமன்ற முத்திரை குத்திய ஒரு காகிதத்தின் படம் வாட்ஸப்பில் வந்தது. கட்டிவிட்டாள். கட்டியதும், வழக்கை வாபஸ் வாங்க இன்னும் 9,000 என்றார்கள். அப்போதுதான் என்னைக் கூப்பிட்டாள். அன்று அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. “அக்கா, நான் நிஜமாவே அவ்வளவு தப்பு விட்டிருப்பேனா?”

இங்கேதான் நம் தொழில்காரர்கள் மாட்டிக்கொள்கிறோம். பிழை திருத்துவதே பிழைப்பாக இருப்பவரிடம் போய் “உங்கள் வேலையில் பிழை” என்று சொன்னால், அவருக்கு முதலில் சந்தேகம் வருவது தன் மேல்தான். வெட்கத்தில் வீட்டில்கூடச் சொல்ல மாட்டார். அந்த வெட்கத்தைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள். அந்த 400 பக்கத்தை அங்கே யாரும் படிக்கவே இல்லை. அது புத்தகமே இல்லை. முடிக்க முடியாத கெடுவும், தொட முடியாத துல்லியமும், கையெழுத்திட்ட ஒப்பந்தமும் சேர்ந்ததுதான் பொறி. ‘டேட்டா என்ட்ரி’, ‘ஃபார்ம் ஃபில்லிங்’ என்ற பெயர்களில் நாடு முழுக்க நடக்கிற மோசடி இது. ‘ப்ரூஃப் ரீடிங்’ என்ற சட்டையை மாட்டிக்கொண்டு நம்மிடம் வருகிறது. நன்றாக நினைவில் வையுங்கள்: எந்த நீதிமன்றமும் ஜிபேயில் பணம் கட்டச் சொல்லி மிரட்டாது. அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உண்மையான வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள், வீட்டில் சொல்லுங்கள்.

‘அவசரம்’ என்ற சொல்லை நம் ஊரில் சந்தேகிப்பது கடினம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, அதற்கு முந்தைய இரண்டு மாதமும் பதிப்பகங்களில் தலைகால் புரியாத வேலை. உண்மையான பதிப்பாளரே “நாளைக்கே வேணும்மா” என்றுதான் கேட்பார். ஆனால் அவருக்கு ஒரு முகவரி இருக்கும், கடையில் புத்தகம் இருக்கும், அவரோடு வேலை பார்த்த யாராவது இருப்பார்கள். அரை மணி நேரம் ஒதுக்கி விசாரியுங்கள். அந்த அரை மணியைத் தர மறுக்கிறவரின் வேலை உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது, கூடுதலாக வரும் பணம். “5,000 அனுப்ப நினைத்து 50,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பிப் போடுங்கள்” என்பான். வங்கி அனுப்பியது போலவே ஒரு குறுஞ்செய்தியும் வரும். அது ஏதோ ஒரு சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்திருக்கும். குறுஞ்செய்தியை நம்பாமல் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எடிட் செய்கிறவர்களை இதே தந்திரம் அமெரிக்காவில் காசோலை வடிவில் பல காலமாக வாட்டுகிறது. பேசிய தொகைக்கு மேல் ஒரு காசோலை வரும். வங்கி சில நாளிலேயே அந்தப் பணத்தைக் கணக்கில் காட்டிவிடும். நீங்கள் ‘மீதியை’ அனுப்பி வைப்பீர்கள். வாரங்கள் கழித்துக் காசோலை போலி என்று தெரியும்போது அனுப்பிய பணம் உங்களுடையதாக இருக்கும். இன்னொன்று, க்யூஆர் கோடை அனுப்பி, “ஸ்கேன் செய்து பின் போட்டால் அட்வான்ஸ் வந்துவிடும்” என்பது. யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் போடச் சொன்னாலே பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம்.

போலீஸுக்குப் போக முடியாத திருட்டு ஒன்றும் உண்டு. “மாதிரிக்கு ஓர் அத்தியாயம் திருத்திக் காட்டுங்கள், பிடித்திருந்தால் முழுப் புத்தகமும் உங்களுக்குத்தான்.” புதியவர்கள் பன்னிரண்டு பேரிடம் பன்னிரண்டு அத்தியாயத்தைக் கொடுத்தால் புத்தகம் இலவசமாகத் திருத்தப்பட்டுவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படி முப்பத்தைந்து பக்கம் திருத்திக் கொடுத்திருக்கிறேன். பதிலே வரவில்லை. சில மாதம் கழித்து அந்தப் புத்தகத்தைக் கடையில் புரட்டியபோது நான் மாற்றிய வாக்கியங்கள் அப்படியே இருந்தன. மாதிரிக்கு இரண்டு பக்கம் போதும். அதற்கு மேல் கேட்டால் கட்டணம் கேளுங்கள்.

எழுத்தாளர்கள் நம்மைப் பார்த்துப் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஃபிலிப்போ பெர்னார்டினி என்ற இத்தாலியர் லண்டனில் சைமன் அண்ட் ஷுஸ்டர் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். அவர் பல ஆண்டுகள் எடிட்டர்கள், இலக்கிய முகவர்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பி, வெளிவராத கையெழுத்துப் பிரதிகளை வாங்கிக் குவித்தார். 160க்கும் மேற்பட்ட போலி இணைய முகவரிகளைப் பதிந்து வைத்திருந்தார். ஆங்கில ‘எம்’ வர வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிப் போட்டால் அவசரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 2022 ஜனவரியில் நியூயார்க் விமான நிலையத்தில் கைதானார், 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அவர் கைக்குப் போயிருந்தன. எழுத்தைச் சலித்துப் பார்ப்பதே வேலையாகக் கொண்டவர்கள்தான் அந்த இரண்டு எழுத்தில் ஏமாந்தார்கள். பெரிய பதிப்பகத்தின் பெயரில் உங்களுக்கு மின்னஞ்சல் வந்தால், முகவரியை ஒவ்வோர் எழுத்தாக மெய்ப்புப் பாருங்கள்.

அதனால்தான் இன்னொரு பழக்கம் என்னைக் கலங்க வைக்கிறது. “நான் செய்த வேலை” என்று யாரோ ஒருவருடைய கையெழுத்துப் பிரதியை, சிவப்புத் திருத்தங்களோடு படமெடுத்து அறிமுகத்தில் போடுகிறார்கள். அவர் உங்களை நம்பிக் கொடுத்த பக்கம் அது. அவருடைய தடுமாற்றங்களை ஊருக்குக் காட்ட உங்களுக்கு உரிமை கிடையாது. வெளிவந்த நூலானாலும் எழுதியவரிடம் கேட்டுவிட்டுத்தான் பெயரைச் சொல்ல வேண்டும்.

அறிமுகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை வர வேறு வழி ஏது? ஆனால் வேறு மாதிரி எழுதுங்கள். “சிறுகதை, கட்டுரைத் தொகுப்புகளுக்கு மெய்ப்பும் செம்மையாக்கமும் செய்கிறேன். இரண்டு பக்கம் மாதிரி பார்த்துத் தருவேன். பாதித் தொகை முன்பணம். விவரங்களுக்கு மின்னஞ்சல்” என்று இருக்கட்டும். அந்த மின்னஞ்சலும் இந்த வேலைக்கென்றே தனியாகத் தொடங்கியதாக இருக்கட்டும். ‘எந்த வேலையானாலும்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், ‘இப்போதுதான் தொடங்குகிறேன்’ என்பதையும். வரி பிடித்தம் செய்யப் பதிப்பகம் பான் எண் கேட்பது முறைதான். ஆதார் நகலை வாட்ஸப்பில் கேட்பதும், ஓடிபி கேட்பதும், வேலை தருவதற்கு ‘பதிவுக் கட்டணம்’ கேட்பதும் முறையே இல்லை.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்காராதீர்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் கைமாறும் முன் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். உரையாடல், ஒப்பந்தம், எண், எதையும் அழிக்க வேண்டாம். அந்தப் பெண் பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். புகார் எழுதும்போது கையில் ஒரு ஸ்க்ரீன்ஷாட்கூட இல்லை.

நேற்று இரவு பதினொரு மணிக்குக் குழுவில் இன்னோர் அறிமுகம். கல்லூரி முடித்த பையன். கட்டணம் குறைவு, எந்த வேலையானாலும் சரி, கீழே எண். உடனே அவனுக்குத் தனியாக எழுதினேன்: “தம்பி, அந்த எண்ணை முதலில் எடுத்துவிடுங்கள். யாராவது ஸ்கேன் பக்கங்களோடு வந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.”

இந்த வரியை எழுதும் வரை அவன் அதைப் பார்க்கவில்லை. எண் அங்கேயே இருக்கிறது.