கொடியும் சின்னமும் கூறும் பொருள்

தலைமையாசிரியர்



நம் பள்ளித் திடலில் தேசியக் கொடியும், அதன் அருகே நெகிரி செம்பிலான் மாநிலக் கொடியும் பறக்கின்றன. தேசியக் கொடியின் பொருளைக் கேட்டால் முதலாம் ஆண்டு மாணவரும் ஓரளவு கூறிவிடுவர். மாநிலக் கொடியைப் பற்றிக் கேட்டாலோ ஆறாம் ஆண்டு மாணவரும் தயங்குகின்றனர். நாம் பிறந்து வளர்ந்த மண்ணின் கொடியை, நம் பெற்றோர் பால் மரம் வெட்டி உழைத்த மண்ணின் கொடியை, அறியாதிருத்தல் அழகன்று. ஆதலின் கொடிகளையும் சின்னங்களையும் படிக்கும் முறையை இங்குச் சுருக்கமாக விளக்குவேன்.

கொடி தோன்றிய காரணம்

பண்டைப் போர்க்களத்தில் புழுதி எழுந்தால் தன் படை எது, மாற்றான் படை எது என்று வீரனுக்குத் தெரியாது. தொலைவிலிருந்தே இனங்காண உயரத்தில் ஓர் அடையாளம் தேவைப்பட்டது. நம் முன்னோருள் சேரர் வில்லையும், சோழர் புலியையும், பாண்டியர் கயலையும் தம் கொடிகளில் பொறித்தனர். பல்லவருக்கு இடபமும், யாழ்ப்பாணத்து அரசர்க்கு நந்தியும் சின்னங்களாயின. ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டளவில் வீரர்கள் முகத்தை மறைக்கும் தலைக்கவசம் அணிந்தமையால், கேடயத்தில் தீட்டிய உருவமே அவர்களைக் காட்டிக் கொடுத்தது. பிற்காலத்தில் நகரங்களும் சிற்றூர்களும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டன. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரம் இன்றும் கரடியைத் தன் சின்னமாகக் கொண்டுள்ளது.

அந்நாட்டார் வகுத்த விதி ஒன்று உண்டு. மஞ்சளையும் வெள்ளையையும் ஒன்றன்மேல் ஒன்று தீட்டலாகாது. அவ்வாறே அடர்ந்த நிறத்தின்மேல் மற்றோர் அடர்ந்த நிறத்தையும் தீட்டலாகாது. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதே இதன் நோக்கம். படம் வரையும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்க.

மூன்று நிறங்கள்

நம் மாநிலக் கொடியின் பரப்பு மஞ்சள். அதன் மேல்மூலையில் உள்ள கட்டம் குறுக்குச் சாய்வாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதி சிவப்பாகவும் மறுபாதி கறுப்பாகவும் விளங்குகிறது. மஞ்சள், மாட்சிமை தங்கிய யாங் டி பெர்துவான் பெசாரைக் குறிக்கும். கறுப்பு, உண்டாங் எனப்படும் தலைவர்களைக் குறிக்கும். சிவப்பு, குடிமக்களைக் குறிக்கும்.

இம்மூன்றும் ஒரே கொடியில் அமைந்ததற்குத் தக்க காரணம் உண்டு. சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் இங்குக் குடியேறியபோது அடாட் பெர்பாத்தே என்னும் மரபையும் உடன் கொண்டுவந்தனர். அம்மரபில் குலமும் நிலவுரிமையும் தாய்வழியே வரும். குலத்தினர் தம் தலைவரைத் தேர்ந்தெடுப்பர். அவர்கள் லெம்பாகாவையும், லெம்பாகாக்கள் உண்டாங்கையும் தேர்ந்தெடுப்பர். சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகூல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் உண்டாங்குகள் மாநில ஆட்சியாளரைத் தேர்ந்தெடுப்பர். 1773ஆம் ஆண்டில் ராஜா மெலேவார் மினாங்கபாவிலிருந்து வந்து முதல் ஆட்சியாளராக அமர்ந்தார். கீழிருந்து மேலேறும் படிக்கட்டைப் போன்ற இவ்வமைப்பையே மூன்று நிறங்களும் காட்டுகின்றன.

ஒன்பது நெற்கதிர்கள்

‘நெகிரி’ என்றால் நாடு. ‘செம்பிலான்’ என்றால் ஒன்பது. மாநிலச் சின்னத்தில் ஒன்பது நெற்கதிர்களும் ஒன்பது முனைகள் கொண்ட விண்மீனும் உள்ளன. இன்று நம் மாநிலத்தில் உள்ள மாவட்டங்களோ ஏழு. அப்படியானால் ஒன்பது எங்கே என்று மாணவர் வினவலாம். பழைய ஒன்பது சிற்றரசுகளின் நினைவே அவ்வெண். காலப்போக்கில் சில பகுதிகள் அண்டை மாநிலங்களோடு சேர்ந்தன, எல்லைகள் மாறின, பெயரும் சின்னமும் நிலைத்தன.

1895ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஒன்றிணைக்கப்பட்டன. அவற்றின் பொதுக்கொடியில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு பட்டைகளும் நடுவே ஒரு புலியும் இருந்தன. அந்நான்கு நிறங்களும் இன்றும் நாட்டுச் சின்னத்தின் கேடயத்தில் உள்ளன. இரு புலிகள் கேடயத்தைத் தாங்கி நிற்கின்றன. கடப்பிதழின் அட்டையைப் பார்ப்போர் இதனைக் காணலாம்.

தேசியக் கொடியை வரைந்தவர் ஜொகூர் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய முகமது ஹம்சா. 373 படைப்புகள் வந்த போட்டியில் அவருடையது தேர்வுபெற்று, 1950 மே 26ஆம் நாள் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அப்போது 11 கோடுகளும் 11 முனைகளும் இருந்தன. 1963இல் அவை 14 ஆயின. 1997இல் ‘ஜாலூர் கெமிலாங்’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. கொடியை வரையும்போதும் ஏற்றும்போதும் மேற்கோடு சிவப்பா, கீழ்க்கோடு வெள்ளையா, விண்மீனுக்கு 14 முனைகள் உள்ளனவா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிழிந்த கொடியையும் நிறம் மங்கிய கொடியையும் ஏற்றலாகாது.

அச்சிவப்பில் நமக்குரிய இடம்

கொடியிலுள்ள சிவப்பு குடிமக்களைக் குறிக்கும் என்றேன். அதில் தோட்டத்து மக்களுக்கும் இடமுண்டா என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். நல்ல வினா. காடு அழித்து இரப்பர் நட்ட கைகளுள் நம் பாட்டன் பாட்டியின் கைகளும் உண்டு. ஆயினும், உழைப்பு ஒன்றே ஒருவரைக் குடிமகனாக்கிவிடாது, பதிவும் வேண்டும். பிறப்பைப் பதியாமலும் திருமணத்தைப் பதியாமலும் விட்டதனால், இந்நாட்டிலேயே பிறந்தும் ஆவணமின்றி அல்லற்படும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அதன் துயரம் பள்ளிச் சேர்க்கையின்போது பிள்ளையின் தலையில் விழுகிறது. பெற்றோர்களே! குழந்தை பிறந்தவுடன் காலந்தாழ்த்தாது பிறப்புப் பத்திரம் எடுங்கள். படிவத்தை நிரப்பத் தெரியாவிடில் பள்ளிக்கு வாருங்கள், ஆசிரியர்கள் உதவுவார்கள்.

இன்னொன்றும் கூறுவேன். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் மறைந்தன, கோயில்கள் இடம்பெயர்ந்தன. தோட்டப் பள்ளிகள் சில பட்டணத்திற்கு மாறியபோது, பழைய தோட்டத்தின் பெயரையும் பள்ளிச் சின்னத்தையும் உடன் எடுத்துச் சென்றன. ஏழு மாவட்டங்கள் உள்ள மாநிலம் ஒன்பது கதிர்களைப் போற்றுவதைப் போன்றதே இதுவும். உங்கள் சட்டைப்பையின்மேல் தைத்திருக்கும் சின்னம், ஒரு தோட்டத்து மக்கள் தம் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று எண்ணியதன் அடையாளம். அதனை அழுக்குப்படாமல் அணியுங்கள்.

விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் மாநிலக் கொடியையும் சின்னத்தையும் வரைந்து வண்ணந்தீட்டி, ஒவ்வொரு பகுதியின் பொருளையும் தாய் தந்தையர்க்கு விளக்கிக் கூறுக. பெற்றோர்கள், தாங்கள் வாழ்ந்த தோட்டங்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதச் செய்க.

வாழ்க நம் நாடு! வளர்க நம் பள்ளி!