மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே

டீ ஆறுவதற்குள் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். 2002-ல் வகுத்த நிலநடுக்க வரைபடத்தில் மதுரை இருப்பது இரண்டாம் மண்டலத்தில். நாட்டிலேயே ஆபத்து குறைந்த மண்டலம் அதுதான். ஆனால் வைகைக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை இடுக்கி மலையில், மூன்றாம் மண்டலத்தில் நிற்கிறது. 2011-ல் அங்கே தொடர்ந்து சிறு அதிர்வுகள் வந்தன. ஜூலை 26-ல் வந்தது ரிக்டர் அளவில் 3.8. ஆண்டு முடிவதற்குள் அணையின் பாதுகாப்பை முன்வைத்து தமிழகமும் கேரளமும் கொதித்துப் போயின.

அந்த 3.8 எவ்வளவு பெரியது? 2000 டிசம்பர் 12-ல் கேரளத்தின் ஈராட்டுப்பேட்டையில் வந்தது 5. ரிக்டரில் ஒரு எண் ஏறினால் நிலம் ஆடும் வீச்சு பத்து மடங்காகும். வெளியாகும் ஆற்றலோ ஏறத்தாழ 32 மடங்கு. அப்படியானால் ஒரு 5-க்கு ஈடாக ஆயிரம் 3-கள் வர வேண்டும். "சின்னச் சின்னதா வந்து பாரம் குறைஞ்சிருச்சு" என்று ஆறுதல் சொல்கிறார்களே, அது இந்தக் கணக்கில் நிற்காது. சிறு அதிர்வு வந்தால் பெரியது பின்னாலேயே வரும் என்று பயப்படுவதற்கும் அது மட்டுமே ஆதாரமாகாது.

அதிர்வு எங்கே கிளம்பியது என்பதைக் கருவி கண்டுபிடிக்கும் விதம் எளிமையானது. மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை எண்ணுவோமே, அதே முறை. நிலநடுக்கத்திலிருந்து கிளம்பும் இரண்டு அலைகளில் பி அலை பாறைக்குள் வினாடிக்கு சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். எஸ் அலை மூன்றரை. ஈராட்டுப்பேட்டையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரைக்கு இரண்டும் ஏறத்தாழ 18 வினாடி இடைவெளியில் வந்து சேரும். இடைவெளி தெரிந்தால் தூரம் தெரியும்; மூன்று நிலையங்களின் தூரம் கிடைத்தால் இடமே தெரிந்துவிடும். கொடைக்கானலில் 1899-லேயே நிலநடுக்கமானி வைத்துவிட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவில் ஆடியது. தென்னாட்டுப் பாறை அசையாது என்று இருந்துவிட முடியாது.

கருவியில் விழுவதெல்லாம் நிலநடுக்கமல்ல; கல்குவாரி வெடியும் விழும். வெடி பாறையை எல்லாத் திசையிலும் வெளியே தள்ளும், அதனால் பி அலை ஓங்கி எஸ் அலை மெலிந்திருக்கும். பெரும்பாலும் வேலை நேரத்தில்தான் வரும். பிளவில் பாறை வழுக்கினால் எஸ் அலை பலமாகத் தெரியும். நில அதிர்வியலாளர் முதலில் பிரித்துப் பார்ப்பது இதைத்தான்.

இவ்வளவும் பதிவாவது விஞ்ஞானிகளுக்கு மட்டுமாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெரியாற்றையும் வைகையையும் நம்பியிருக்கும் ஊர்களுக்கு ஒவ்வொரு அதிர்வின் அளவும் ஆழமும் இடமும் அன்றைக்கே தமிழில் வந்து சேர வேண்டும். அப்போது வதந்திக்கு இடம் இருக்காது. இனி வீட்டில் பாத்திரம் குலுங்கினால், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் தேசிய நில அதிர்வு மையத்தின் இணையதளத்தைப் பாருங்கள். எந்த ஊரில், எப்படி உணர்ந்தீர்கள் என்று அங்கேயே எழுதுங்கள்.