கொசுத் தேனீயின் பிசின்: கிருமியைத் தடுப்பது எது?

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியரின் ராணுவ அரண்களாகச் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளைப் பார்க்க இனி கூட்டம் கூடும். அந்த ஊரில் நம் கவனத்துக்கு வர வேண்டிய இன்னொரு செல்வமும் இருக்கிறது. செஞ்சி மலைப் பகுதியில் வளர்த்த கொசுத் தேனீக்களின் பிசினை ஆய்வாளர்கள் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். அந்தப் பிசினில் என்ன இருக்கிறது? கிருமிகளை அது எப்படித் தடுக்கிறது? மருந்தாகப் பயன்படுத்தலாமா?

கொட்டாத தேனீ

மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ ஆகியவற்றோடு தமிழ்நாட்டில் காணப்படும் மிகச் சிறிய தேனீ வகை கொசுத் தேனீ. தென்னிந்தியாவில் பரவலாக உள்ள இனத்தின் அறிவியல் பெயர் டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ். உடல் நீளம் 4 மில்லிமீட்டர் அளவுதான். கொடுக்கு சிறுத்து, பயன்படாமல் போய்விட்டதால் இது கொட்டாது. ஆபத்து வந்தால் தாடையால் கடிக்கும்.

மரப்பொந்து, பாறையிடுக்கு, பழைய சுவர் வெடிப்பு ஆகியவை இதன் குடியிருப்பு. சுவரிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு சிறு குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் வாசல். காவல் தேனீக்கள் அதன் விளிம்பில் முகம் காட்டி நிற்கும். குழாயின் ஓரத்தைத் தொட்டால் விரலில் ஒட்டும். எறும்பு ஏறினால் கால் சிக்கிக்கொள்ளும். உள்ளே தேனடை கிடையாது. சுண்டைக்காய் அளவுள்ள சிறு குடங்களில்தான் தேனும் மகரந்தமும் இருக்கும். வாசல் குழாய், குடங்கள், முட்டை அறைகள் என எல்லாமே மெழுகும் மரப்பிசினும் கலந்து கட்டியவை.

பிசின் எங்கிருந்து வருகிறது?

மரப்பட்டையில் காயம் பட்ட இடத்திலும், மொட்டிலும், காயின் காம்பிலும் கசியும் பாலையும் பிசினையும் தேனீ தாடையால் கிள்ளி எடுக்கிறது. அதைக் காலுக்குக் கால் மாற்றி, பின்னங்காலில் உள்ள கூடை போன்ற பள்ளத்தில் அப்பிக்கொண்டு கூட்டுக்குப் பறக்கிறது. இப்படிச் சேர்த்த பிசினும் மெழுகும் கலந்ததையே உலகம் புரோபோலிஸ் என்ற பெயரில் வாங்குகிறது.

மரம் பிசினைச் சுரப்பது பூஞ்சையிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் தன் காயத்தைக் காத்துக்கொள்ளத்தான். அதே பாதுகாப்பைத் தேனீ தன் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. வெப்பமும் ஈரமும் நிறைந்த மூடிய பொந்தில் ஆயிரக்கணக்கான உயிர்கள் நெருங்கி வாழ்கின்றன. அங்கே பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகாமல் இருக்கப் பிசின் உதவுகிறது. எதிரியைச் சிறைவைக்கவும் அது பயன்படும். ஆஸ்திரேலியாவின் கொட்டாத் தேனீ இனம் ஒன்று, கூட்டுக்குள் நுழைந்த வண்டுகளை மெழுகு, பிசின், மண் கலந்த பூச்சால் உயிரோடு மூடிவிடுவதை 2010இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.

உள்ளே என்ன இருக்கிறது?

ஐரோப்பியத் தேனீயின் புரோபோலிசில் ஏறத்தாழ 50 சதவீதம் மரப்பிசின், 30 சதவீதம் மெழுகு, 10 சதவீதம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள், 5 சதவீதம் மகரந்தம் என்பது பொதுவான கணக்கு. கொட்டாத் தேனீக்களிடம் இந்த விகிதம் இனத்துக்கு இனம், கூட்டுக்குக் கூடு மாறும். கிருமியைத் தடுக்கும் வேலையைச் செய்பவை பெரும்பாலும் பிசின் பகுதியில் உள்ள ஃபீனால் சேர்மங்கள், ஃபிளேவனாய்டுகள், டெர்பீன்கள் ஆகியவை.

இவற்றில் எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது சுற்றியுள்ள மரங்கள். ஐரோப்பியப் பிசினுக்கு மூலம் பாப்ளர் மரத்தின் மொட்டு. பிரேசிலின் பச்சைப் புரோபோலிசில் ஆர்ட்டிபிலின் சி என்ற பொருள் முக்கியமானது. அது பக்காரிஸ் என்ற புதர்ச்செடியிலிருந்து வருகிறது. தாய்லாந்தின் கொட்டாத் தேனீப் பிசினை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, பாக்டீரியாவைத் தடுத்த பொருள்களுள் ஒன்றாக மங்குஸ்தானுக்கு உரிய ஆல்ஃபா மாங்கோஸ்டினைக் கண்டது. மாமரப் பாலில் உள்ள சேர்மங்கள் இந்தோனேசியப் புரோபோலிசில் கிடைத்துள்ளன.

செஞ்சியில் பாப்ளரும் இல்லை, மங்குஸ்தானும் இல்லை. இங்கே இருப்பவை வறண்ட குன்றின் புதர்க்காடும், வேம்பும், ஆலும், தோப்புகளில் மாவும். ஆகவே செஞ்சிப் பிசினுக்குத் தனிச் சேர்க்கை இருந்தாக வேண்டும். வேறு நாட்டுப் புரோபோலிசின் குணங்களை அப்படியே இதற்கும் ஏற்றிச் சொல்வது தவறு.

ஆய்வகம் சொல்வது

பிசினை எரிசாராயத்தில் ஊறவைத்து வடிகட்டிச் சாறு எடுப்பார்கள். கண்ணாடித் தட்டில் அகர் கூழை ஊற்றி, அதன்மேல் பாக்டீரியாவைப் பரப்பி, நடுவில் சிறு குழி வெட்டிச் சாற்றை விடுவார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் தட்டு முழுவதும் கிருமி படர்ந்திருக்கும். சாறு வேலை செய்திருந்தால் குழியைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் தெரியும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து தடுக்கும் திறனை மதிப்பிடுவார்கள்.

மேற்கு மகாராஷ்டிர நாட்டு மருத்துவத்தில் பயன்படும் கொட்டாத் தேனீப் பிசினை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், அது பலவகை பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுத்தது. சீழ்ப்புண்ணை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகள் பிசினுக்கு எளிதில் அடங்குவதும், ஈ கோலை போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகள் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பதும் உலகின் பல ஆய்வுகளில் காணப்படுகின்றன. பின்னவற்றுக்கு வெளியே கூடுதலாக ஒரு படலம் உண்டு. அது சேர்மங்களை எளிதில் உள்ளே விடாது. படலத்தைக் கடந்துவிட்டால், பிசினில் உள்ள பொருள்கள் செல் சவ்வைச் சிதைத்து, கிருமியின் நொதிகளையும் முடக்குகின்றன.

மருந்தாகுமா?

தட்டில் தெரியும் தெளிந்த வட்டம் நோயாளிக்குத் தரும் உத்தரவாதம் ஆகாது. உடலுக்குள் எவ்வளவு சேர்கிறது, எந்த அளவில் நஞ்சாகும் என்பதெல்லாம் வேறு கேள்விகள். பிசின் பட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். பருவத்துக்குப் பருவம் சேர்க்கை மாறுவதால், ஒரு கூட்டின் பிசினும் அடுத்த கூட்டின் பிசினும் ஒரே வீரியம் கொண்டவை என்று சொல்ல முடியாது. எனவே ஆறாத புண்ணுக்கும் சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கும் இதை நம்பி மருத்துவரைத் தவிர்க்கக் கூடாது. ஆனாலும், ஆன்டிபயாடிக் மருந்துகளை எதிர்க்கப் பழகிய கிருமிகள் பெருகிவரும் காலத்தில், புதிய மருந்துப் பொருளைத் தேட நல்ல இடம் இந்தப் பிசின். அதன் இன்றைய மதிப்பு அதுதான்.

செய்ய வேண்டியவை

முதல் தேவை, எந்தப் பருவத்தில் எந்த மரத்திலிருந்து பிசின் வருகிறது என்று செஞ்சியிலேயே ஆராய்ந்து பதிவு செய்வது. அடுத்தது, பிசினுக்காகவும் தேனுக்காகவும் காட்டுக் கூட்டை உடைப்பதை நிறுத்துவது. மரப்பெட்டியில் வளர்த்தால், மூடியிலும் ஓரங்களிலும் படிந்த பிசினைக் கூடு கலையாமல் சுரண்டி எடுக்கலாம். மூன்றாவது, பழைய சுவரின் வெடிப்புகளைப் பூசுமுன் அதில் தேனீ வாசல் இருக்கிறதா என்று பார்ப்பது. கோட்டையைப் பராமரிப்பவர்களுக்கு மட்டுமல்ல, பழைய வீடு வைத்திருக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும். உங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் பழுப்புக் குழாயைக் கண்டால் அடைத்துவிடாதீர்கள். அருகில் நிற்கும் மாவையும் வேம்பையும் வெட்டிவிடாதீர்கள்.