மலைச் சைக்கிளும் பால்கனிப் பட்டறையும்

மிதிவண்டி என்று எழுதினாலும், வீட்டில் நாம் எல்லோரும் சைக்கிள் என்றுதான் சொல்கிறோம். ஆகவே இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் சைக்கிள் கற்றது வாடகைக் கடையில்தான். மணிக்கு இவ்வளவு என்று பேசி எடுத்து, கால் எட்டாமல் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு கற்றோம். ஓட்டத்தான் கற்றோம். பழுது பார்க்க வேண்டிய தேவை நமக்கு இருக்கவில்லை. தெருமுனையில் சைக்கிள் கடை அண்ணன் இருந்தார். பஞ்சரா, அவர். ரிம்மில் கோட்டமா, அவர். வருஷத்துக்கு ஒரு தடவை 'ஓவராயில்' பண்ணுவதும் அவர்தான். ஓவர்ஹால் என்ற சொல் நம்ம ஊர் வாயில் அப்படி ஆயிற்று!

பிழைப்புக்காகப் புனே வந்து மகர்பட்டாவில் குடியேறிய நமக்கு அந்த அண்ணன் இல்லை. ஹடப்சர் கடைவீதியில் பஞ்சர் ஒட்ட ஆள் உண்டு. ஆனால் நம் அடுக்ககங்களின் பார்க்கிங்கில் இன்று நிற்கும் சைக்கிள் வேறு ஜாதி. முன்னால் ஸ்பிரிங், பின்னால் கியர், சக்கரத்தின் நடுவில் டிஸ்க் பிரேக் என்று வேஷம் மாறி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இதை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போகும் தமிழ்க் குடும்பங்களும் கூடிக்கொண்டே வருகின்றன. அவர்களுக்காகத்தான் இக்கட்டுரை. சொல்ல வருவது ஒன்றே: மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர் பாதி மெக்கானிக்காகவாவது இருக்க வேண்டும். இதில் ஆசையும் உண்டு, உயிரும் உண்டு.

கரும்புக் காட்டிலிருந்து மலைக்கு

மகர்பட்டா நகரம் இருக்கும் இடம் முன்பு கரும்பு விளைந்த நிலம். சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் தங்கள் நிலத்தை வெளியாருக்கு விற்றுவிடாமல், 400 ஏக்கருக்கு மேல் ஒன்றாகச் சேர்த்து, தாங்களே பங்குதாரர்களாகி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்த நகரத்தைக் கட்டத் தொடங்கினார்கள். உள்ளே மரம் நிறைந்த நல்ல சாலைகள். பிள்ளைகள் சைக்கிள் கற்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வாசலைத் தாண்டினால் கதை வேறு. புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே மலைவரிசை. சாஸ்வட் சாலையில் ஃபுர்சுங்கி, வட்கி தாண்டினால் திவே காட் வரும். காட் என்றால் மராத்தியில் மலைப்பாதை. அடிவாரத்தில் மஸ்தானி ஏரி. ஆஷாட மாதத்தில் ஞானேஸ்வர் பல்லக்கு பண்டரிபுரத்துக்குப் போகும்போது லட்சக்கணக்கான வார்கரிகள் நடந்து ஏறுகிற பாதை இதுதான். கோண்ட்வா பக்கமாகப் போனால் போப்தேவ் காட். நகரின் மறுகோடியில் சுமார் 800 மீட்டர் உயர வேதாள் டேக்டி, தென்மேற்கே சுமார் 1,300 மீட்டர் உயர சிம்மகட் கோட்டை. காட் சாலைகள் தார் போட்டவை. லாரி போக்குவரத்தும் அதிகம். ஆகவே விடியற்காலையிலேயே கிளம்பி, ஹெல்மெட் அணிந்து, பின்னால் சிவப்பு விளக்கு எரியப் போவது நல்லது. மலைச் சைக்கிளுக்கு உரிய இடம் அந்தச் சாலைகளிலிருந்து பிரியும் மண் தடங்கள். எரிமலைக் குழம்பு உறைந்து உருவான கருங்கல், அதன் மேல் உருளும் சரளை, பள்ளத்தில் கரிசல் மண். இதுதான் தக்காணத்தின் தரை.

பழுது பார்த்தவர்கள் கண்டுபிடித்த வண்டி

மலைச் சைக்கிளைப் பெரிய கம்பெனி எதுவும் கண்டுபிடிக்கவில்லை. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் என்ற மாவட்டத்து இளைஞர்கள் சிலர், பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் பூட்டி, டமால்பைஸ் மலையைச் சுற்றியுள்ள மண்பாதைகளில் இறக்கி ஓட்டினார்கள். 1976-இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. சுமார் 3.4 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக் அந்த வண்டிகளில். கீழே வந்து சேர்வதற்குள் பின் சக்கரத்து ஹப்பில் இருந்த கிரீஸ் கொதித்துப் புகையாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். 'மறுபடி அடை' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ பிரீஸ் 1977-இல் மலைக்கென்றே தனி ஃபிரேம் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-இல் இதற்கென்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பந்தயமாகவே சேர்ந்துவிட்டது. நமக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1949-இல் முருகப்பா குழுமம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நம் சென்னை அம்பத்தூரில் வளர்ந்தது. அதன் ஹெர்குலிஸ் எம்.டி.பி.தான் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு முதல் 'மலைச் சைக்கிள்'.

கியர்: ஒரு சின்னக் கணக்கு

"இத்தனை கியர் எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். பழைய ஊர்ச் சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு மிதிக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். 26 அங்குலச் சக்கரம் உள்ள மலைச் சைக்கிளில் முன்னே 22, பின்னே 34 பல் போட்டால், ஒரு மிதிக்குச் சுமார் 1.35 மீட்டர்தான். அதாவது நாலில் ஒரு பங்கு தூரம். தூரம் குறைந்த அளவுக்குக் காலுக்குப் பாரமும் குறையும். ஐம்பது வயதுக்காரர் திவே காட் ஏறுவதன் ரகசியம் இவ்வளவுதான். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிட வேண்டும். பாரத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் அறுந்து வழியில் நிற்க நேரும்.

பின்பக்கம் பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஏறத் தயங்கினால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். கியர் கம்பி வந்து சேரும் இடத்தில் கையால் திருகக்கூடிய ஒரு குமிழ் இருக்கும். அதை இடஞ்சுழியாக அரைச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். கம்பி கொஞ்சம் இறுகும். பெரும்பாலும் இதுவே போதும்.

பிரேக்: அரை லிட்டர் தண்ணீர்

ஏறுவது மூச்சு சம்பந்தப்பட்டது, இறங்குவதுதான் பிரேக் சம்பந்தப்பட்டது. ஆளும் வண்டியுமாக 90 கிலோ எடை, 200 மீட்டர் இறக்கம் என்று கொள்வோம். மெதுவாக இறங்கினால் அந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாக மாறும். கணக்குப் போட்டால் சுமார் 176 கிலோஜூல். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஃபில்டர் காபி போடப் போதுமான சூடு! ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கானால் ரிம் கொதித்து டியூப் வெடிப்பதும் உண்டு. டிஸ்க்கானால் பிடி குறையும். ஆகவே பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கக் கூடாது. திருப்பத்துக்கு முன்பு இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டு, ஆறவிட வேண்டும்.

பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு வந்தால் அந்த வண்டி மலைக்குப் போகக் கூடாது. பிரேக் கட்டையில் உள்ள வரிப்பள்ளம் அழிந்துவிட்டால் கட்டையை மாற்ற வேண்டும். டிஸ்க் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது, விரலாலும் தொடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்டியில் வந்து வீட்டில் பூட்டப்படும் சைக்கிள்களில் முன் ஃபோர்க் பின்பக்கமாகத் திரும்பி இருப்பதை நம் குடியிருப்புகளிலேயே பார்க்கலாம். டிஸ்க் பிரேக் சைக்கிளில் முன் பிரேக் இடதுபக்கம் இருக்க வேண்டும். வலதுபக்கம் இருந்தால் பெரும்பாலும் ஃபோர்க் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அதோடு பிள்ளையை இறக்கத்தில் விடுவது ஆபத்து.

செயினும் எண்ணெயும்

செயின் 'நீண்டுபோச்சு' என்பார்கள். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் மணலால் அரைபட்டுத் தேய்கிறது, நூறு தேய்மானம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. இதை அளக்க ஒரு 12 அங்குல ஸ்கேலே போதும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் தொடக்கக் கோட்டை வையுங்கள். புதுச் செயினில் அங்கிருந்து 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம் தள்ளி நின்றால் புதுச் செயின் வாங்கும் நேரம். 1/8 அங்குலம் தள்ளிப் போனால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், செலவு பல மடங்கு.

செயினை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய் விட்டு, சற்றுப் பொறுத்து மேலே தங்கியதைத் துடைத்துவிட வேண்டும். மேலே தங்கும் எண்ணெய் மண்ணைத்தான் பிடிக்கும். "தேங்காய் எண்ணெய் இருக்கே, அதை விடலாமே?" என்று கேட்கலாம். டிசம்பர் புனேயில் அது குளியலறையிலேயே உறைகிறது, செயினில் மட்டும் உறையாதா? துருவை இளக்கும் ஸ்பிரேயும் செயின் எண்ணெய்க்கு மாற்று ஆகாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மலை பச்சையாக அழைக்கும். ஆனால் ஈரமான கரிசல் மண் டயரில் அப்பி, ஃபோர்க்கில் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். அந்தச் சேற்றில் உழுதால் தடமும் ஓடையாகி அரித்துப் போகும். தடம் காய இரண்டு நாள் பொறுப்பதே மரியாதை. மலையில் காலை நடை போகிறவர்களுக்கு வழி விடுவதும் அப்படித்தான். 2023-இல் வேதாள் டேக்டியைக் காக்கப் புனே மக்கள் வீதியில் இறங்கினார்கள். வண்டி சேறானால் வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். வேகமாகப் பீய்ச்சும் குழாயை ஹப்பில் காட்டினால் உள்ளே இருக்கும் கிரீஸ் கழுவிப் போகும்.

பால்கனியில் ஒரு பட்டறை

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ, ஒரு ஸ்குரூ டிரைவர், பெடலுக்கு ஒரு ஸ்பானர், டயர் கழற்றும் லீவர் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், பம்ப், செயின் கட்டர், பழைய டூத் பிரஷ், பழைய பனியன். தரையில் ஒரு செய்தித்தாள் விரித்துவிட்டால், "டைல்ஸெல்லாம் கிரீஸ்!" என்ற குரலும் வராது. மலைக்குப் போகும்போது இவற்றில் லீவர், பம்ப், ஆலன் கீ, செயின் கட்டர் ஆகியவற்றோடு ஒரு புது டியூபும் பையில் இருக்க வேண்டும். மேலே போனபின் கடை கிடையாது.

பெடல் கழற்றும்போது ஒரு விஷயம். இடது பெடலின் மரை தலைகீழ். ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்திப் பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். இதை நினைவில் வைத்தால் போதும். எல்லாவற்றையும் வீட்டில் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக்கைத் தெரிந்தவரிடம் விடலாம். மினரல் எண்ணெய் கேட்கும் பிரேக்கில் டாட் திரவத்தை ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் கெட்டுவிடும்.

கிளம்பும் முன் மூன்றைப் பாருங்கள்: காற்று, கட்டை, செயின். டயரின் பக்கவாட்டில் காற்றின் அளவு அச்சாகியிருக்கும், அந்த எல்லைக்குள் வையுங்கள். கட்டை பிடிக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். செயினைப் பின்னோக்கிச் சுழற்றிச் சத்தம் கேளுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதியதால் உலகமே அறிந்தது. கல் உடைத்த பெண்களும் விவசாயக் கூலிகளும், இன்னொருவர் கொண்டுபோய் விடுவதற்குக் காத்திராமல் தாங்களே போய் வந்தார்கள். ஸ்பானர் பிடிப்பதும் அதே சுதந்திரத்தின் அடுத்த படிதான். ஆகவே பால்கனிப் பட்டறையில் பையனை மட்டும் உட்கார வைக்காதீர்கள், பெண்ணையும் உட்கார வையுங்கள். நாள் முழுக்கத் திரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரல்களுக்கு, ஒரு பழுதின் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது நல்ல படிப்பு.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல், ஆண்டு விழா போலவே, மழைக்காலம் முடிந்ததும் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சைக்கிள் பழுது பார்க்கும் நாளாக வைக்கலாம். வீட்டுக்கு வீடு வாங்க வேண்டாத விலையுயர்ந்த கருவிகளைச் சங்கமே வாங்கிப் பொதுவில் வைக்கலாம். நம் பிள்ளைகளின் மலைச் சைக்கிள்கள் மட்டுமல்ல, நம் குடியிருப்புக்குச் சைக்கிளிலேயே வேலைக்கு வரும் காவலாளிகள், தோட்டக்காரர்கள், வீட்டு வேலை செய்யும் அம்மாக்கள் ஆகியோரின் வண்டிகளும் அன்று வரட்டும். நமக்கு மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷம். அவர்களுக்குச் சைக்கிள் தினக்கூலி. ஒரு பஞ்சருக்காக அந்தக் கூலி குறையாமல் பார்த்துக்கொள்ள, பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஒரு பேட்ச்சும் கொஞ்சம் சொல்யூஷனும் இருந்தால் போதும்.